தில்லி தேசியப் போர் நினைவுச்சின்னம்: எங்கே தொடங்கி, எதை எப்படிப் பார்ப்பது

தில்லிக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் இந்தியா கேட் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கிழக்கே இருக்கும் தேசியப் போர் நினைவுச்சின்னத்தைக் கால் மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். பிறகு கரோல் பாக் கடைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு அது நன்கு பராமரிக்கப்படும் ஒரு பூங்காவாகவே தோன்றும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கே தொடங்க வேண்டும், எதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இரண்டு நினைவுச்சின்னங்களையும் ஒரே மாலையில், வரிசை பிசகாமல் பார்ப்பதற்கான வழிகாட்டியாக இதை எழுதுகிறேன். நடக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: இங்கே யாருடைய பெயர் கல்லில் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை?

கிளம்பும் முன்

கையில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு செல்லுங்கள். 2019-இல் திறக்கப்பட்டபோதே புதிய நினைவுச்சின்னத்தின் சுவர்களில் 25,942 பெயர்கள் இருந்தன; அதன் பிறகும் பெயர்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பெயரையும் தேடாமல் அவ்வளவு பெயர்களுக்கு நடுவே நடந்தால், கண் பத்து நிமிடத்தில் சலித்து வெறும் கல்லையே பார்க்கத் தொடங்கிவிடும். குடும்பத்திலோ ஊரிலோ போரில் உயிர் நீத்தவர் இருந்தால் அவருடைய பெயரே போதும். அப்படி யாரும் இல்லையென்றால் பொதுவெளியில் அறியப்பட்ட ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி, 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் இறந்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் போன்றோரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்.

உறவினரின் பெயரைத் தேடுவோர் படைத்தரவரிசை, படை எண், படைப்பிரிவு, இறந்த ஆண்டு ஆகியவற்றை முன்கூட்டியே வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்களில் இது மிகவும் தேவை. நாம் தலைப்பெழுத்தோடு எழுதும் பெயரில், படைப் பதிவேட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கலாம், அல்லது தலைப்பெழுத்தே இல்லாமல் போயிருக்கலாம். தமிழர் என்றால் மதராஸ் ரெஜிமெண்டில்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டிவிடுவதும் வழக்கமாக நிகழ்வது. நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படைப்பிரிவில் நம்மவர்கள் ஏராளம் என்பது உண்மையே. ஆனால் பீரங்கிப் படையிலும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையிலும், வடஇந்தியப் பெயர் கொண்ட காலாட்படைப் பிரிவுகளிலும் தமிழர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். பழனி பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். முகுந்த் ராஜ்புத் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 9 மணிக்குத் திறந்து மாலையில் மூடுகிறார்கள். மூடும் நேரம் கோடையில் சற்றுத் தாமதமாகவும் குளிர்காலத்தில் சற்று முன்னதாகவும் இருக்கும். சூரியன் மறைவதற்கு முன் நடைபெறும் கொடியிறக்க நிகழ்வையும் பார்த்துவிட்டு வருவதானால், இரண்டரை மணி நேரம் முன்னதாக இந்தியா கேட் சென்று சேருங்கள். மத்தியச் செயலகம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் செல்லலாம். உடன் முதியவர்கள் இல்லையென்றால் கர்த்தவ்யா பாதை வழியாக நடந்து செல்வதே மேல். பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால் பெரிய பைகளைத் தங்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் இந்தியா கேட்

புதிய நினைவுச்சின்னத்துக்கு நேராகப் போய்விடாதீர்கள். பழையதைப் பார்க்காமல் புதியது ஏன் கட்டப்பட்டது என்பது விளங்காது.

எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த இந்த 42 மீட்டர் உயர வளைவுக்கு 1921 பிப்ரவரி 10 அன்று கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1931 பிப்ரவரி 12 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு அதைத் திறந்து வைத்தார். அகில இந்தியப் போர் நினைவுச்சின்னம் என்பதே அதற்கு அன்று இருந்த பெயர். முதல் உலகப் போரிலும் 1919-இல் நடந்த மூன்றாம் ஆப்கானியப் போரிலும் இறந்த, 70,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் நினைவாக அது எழுந்தது.

சற்றுத் தள்ளி நின்று உச்சியைப் பாருங்கள். இந்தியா என்ற சொல்லின் இரு பக்கங்களிலும் ரோமன் எண்களில் 1914, 1919 என்று இரண்டு ஆண்டுகள் இருக்கும். உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்துவிட்டதே, 1919 எங்கிருந்து வந்தது என்று உடன் வந்த பிள்ளைகள் கேட்டால் ஆப்கானியப் போரைச் சொல்லலாம். பிரான்சிலும் மெசபொடேமியாவிலும் ஓய்ந்த துப்பாக்கிகள், இந்தியச் சிப்பாய்க்கு வடமேற்கு எல்லையில் மேலும் ஓராண்டு ஓயவில்லை.

அதற்குக் கீழே உள்ள நீண்ட ஆங்கில வாசகத்தை அவசரப்படாமல் படியுங்கள். பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ், மெசபொடேமியா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்போலி முதலிய இடங்களில் வீழ்ந்து அங்கெல்லாம் போற்றப்படுவோருக்கு இது என்று தொடங்கி, இந்தியாவிலும் வடமேற்கு எல்லையிலும் ஆப்கானியப் போரிலும் வீழ்ந்து இங்கே பெயர் பொறிக்கப்பட்டவர்களின் நினைவுக்கும் இது என்று அந்த வாசகம் முடிகிறது. இந்தப் பிரிவினையைக் கவனிக்காமல் போவதால்தான், இந்தியா கேட்டில் எழுபதாயிரம் பேரின் பெயர்களும் இருக்கின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். சுவர்களில் இருப்பவை 13,000-க்குச் சற்று மேற்பட்ட பெயர்கள் மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் எல்லைப்புறத்திலும் ஆப்கானியப் போரிலும் இறந்தவர்கள்.

மற்றவர்களின் பெயர்கள் எங்கே? மேற்குப் போர்முனையில் இறந்து கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பிரான்சின் நவ் ஷப்பேல் ஊரில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் இருக்கின்றன. இந்தியப் படையினர் மிக அதிகமாக இறந்த மெசபொடேமியாவின் கதை வேறு. இராக்கின் பஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷாரின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பொறித்தார்கள். 30,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். எல்லோரையும் பெயர் சொல்லிச் சமமாக நினைவுகூர்வதே தன் கொள்கை என்று அறிவித்திருந்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே, இந்த ஏற்றத்தாழ்வை 2021-இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தியா கேட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிழக்கே நடங்கள்.

இரண்டுக்கும் இடையே

வழியில், வளைவின் நடுப்பகுதியில் சற்று நில்லுங்கள். 1971 டிசம்பர்ப் போர் முடிந்த ஆறாவது வாரத்தில், 1972 குடியரசு நாளன்று, பிரதமர் இந்திரா காந்தி இங்கேதான் அமர் ஜவான் ஜோதியைத் தொடங்கி வைத்தார். ஒரு கரும்பளிங்கு மேடை. அதன் மேல் தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி. துப்பாக்கியின் மேல் ஓர் இரும்புத் தொப்பி. சுற்றிலும் சுடர்க் கலங்கள். முதலில் எரிவாயு உருளைகளாலும், 2006 முதல் குழாய் வழி எரிவாயுவாலும் அந்தச் சுடர் ஐம்பது ஆண்டுகள் அணையாமல் எரிந்தது. சுதந்திர இந்தியாவின் போர்களில் இறந்தோருக்கென்று தனியாக ஒரு தேசிய நினைவுச்சின்னம் இல்லாத குறையை அந்தச் சிறிய மேடைதான் அத்தனை ஆண்டுகளும் தாங்கியது. குடியரசு நாள் காலையில் பிரதமர்கள் மலர் வளையம் வைத்ததும் அங்கேதான்.

தனி நினைவுச்சின்னம் வேண்டும் என்ற கோரிக்கை 1960-இலேயே எழுந்துவிட்டது. மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது 2015 அக்டோபரில். அதற்கு இடையில் 1962, 1965, 1971, சியாச்சின், இலங்கை, கார்கில் என்று இத்தனை நடந்து முடிந்திருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதை இயல்பான தாமதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 40 ஏக்கர் பரப்பில் சுமார் 176 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்ட நினைவுச்சின்னத்தை 2019 பிப்ரவரி 25 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். 2022 ஜனவரி 21 அன்று அமர் ஜவான் ஜோதியின் சுடர் எடுத்துச் செல்லப்பட்டு, புதிய நினைவுச்சின்னத்தின் சுடரோடு இணைக்கப்பட்டது. காலனி ஆட்சிக்காகப் போரிட்டவர்களின் பெயர்கள் உள்ள இடத்தில் 1971-இன் வீரர்களுக்குச் சுடர் எரிவது பொருத்தமில்லை, அவர்களுடைய பெயர்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே சுடரும் இருக்க வேண்டும் என்றது அரசுத் தரப்பு. அரை நூற்றாண்டாக மக்கள் மனத்தில் பதிந்த சுடரை அணைக்கலாமா என்று எதிர்க்கட்சிகளும் முன்னாள் படையினர் சிலரும் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த வெற்றிடத்தின் முன் நின்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து வரும் கல் மண்டபத்தில் முன்பு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இருந்தது. 1960-களின் இறுதியில் அதை அகற்றிய பிறகு பல பத்தாண்டுகள் மண்டபம் வெறுமையாகவே நின்றது. 2022 செப்டம்பரில் நேதாஜியின் கருங்கல் சிலை அங்கே வந்தது.

நான்கு வட்டங்கள்

புதிய நினைவுச்சின்னத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கண்ணில் படுவது ஒரு கல்தூண் மட்டுமே. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தியா கேட்டின் காட்சியை மறைக்காதபடி, பெரும்பகுதியைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்திருக்கிறார்கள். உலகளாவிய போட்டியில் 2017-இல் தேர்வான இந்த வடிவம் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசனுடையது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். சக்கர வியூகத்தின் தூண்டுதலில் பிறந்த அமைப்பு என்கிறார்கள். சக்கர வியூகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவன், உள்ளே நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யுதான். இளம் வயதில் இறந்தவர்களுக்கான இடத்துக்கு இந்த வடிவம், நினைத்தோ நினையாமலோ, கசப்பான பொருத்தமாக அமைந்துவிட்டது.

மிக வெளியே இருப்பது ரக்ஷக் சக்ரா. எல்லையைக் காத்து நிற்கும் வீரர்களின் உருவகமாக அங்கே 600-க்கும் மேற்பட்ட மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நிழலுக்கு நல்லது, கடந்து செல்லுங்கள்.

அடுத்த வட்டமான தியாக் சக்ராவில்தான் உங்கள் நேரத்தில் பாதியைச் செலவிட வேண்டும். வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் சுவர்கள் செங்கல் செங்கலாக அடுக்கியது போன்ற சிறு கற்களால் ஆனவை. ஒவ்வொரு கல்லிலும் ஒருவருடைய பெயர் பொன்னிறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 1947-48 காஷ்மீர்ப் போர் தொடங்கி, கோவா, சீனப் போர், இரண்டு பாகிஸ்தான் போர்கள், சியாச்சின், இலங்கையில் அமைதிப்படை, கார்கில், உள்நாட்டுத் தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகள் எனச் சுதந்திரத்துக்குப் பிறகு கடமையில் வீழ்ந்தவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் கிடையாது. பஸ்ராவில் எண்ணிக்கையாக நின்றுபோனவர்களை எண்ணிக்கொண்டு இந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், ஒருவருக்கு ஒரு கல் என்ற எளிய ஏற்பாடு எத்தனை பெரியது என்பது தெரியும்.

நீங்கள் குறித்து வந்த பெயரைத் தேட வளாகத்தில் உள்ள தொடுதிரைகள் உதவும். திரையில் கிடைக்காவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். அதுவும் பயன்படாவிட்டால் பணியிலிருக்கும் ஊழியரிடம் படைப்பிரிவையும் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். கல்வானில் இறந்த இருபது பேரின் பெயர்கள் 2021 தொடக்கத்தில் இங்கே சேர்க்கப்பட்டன. பெயரைக் கண்டுபிடித்தபின் அதற்கு இடப்புறமும் வலப்புறமும் உள்ள பெயர்களையும் படியுங்கள். நாகாலாந்து, பஞ்சாப், கர்வால், கேரளம் என்று வெவ்வேறு மூலைகளின் பெயர்கள் அடுத்தடுத்து வரும்.

உள்ளே சென்றால் வீர்தா சக்ரா. கூரையிட்ட நடைகூடத்தில் ஆறு வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள்: தித்வால், ரெஸாங் லா, கங்காசாகர், லோங்கேவாலா ஆகிய இடங்களில் நடந்த சண்டைகள், கடற்படையின் கராச்சித் தாக்குதலான ஆபரேஷன் டிரைடெண்ட், சியாச்சினைக் கைப்பற்றிய ஆபரேஷன் மேகதூத். ஆறையும் ஒரே வேகத்தில் பார்க்க வேண்டாம். நேரம் குறைவென்றால் ரெஸாங் லாவின் முன் நில்லுங்கள். 1962 நவம்பர் 18 அன்று, லடாக்கில் 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், 13-ஆம் குமாவுன் படைப்பிரிவின் சுமார் 120 பேர் கொண்ட ஒரு கம்பெனி மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் சீனப் படையை எதிர்த்து நின்றது. நடுவே ஒரு மலைமுகடு மறைத்ததால் சொந்தப் பீரங்கிகளின் உதவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நூற்றுப்பத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். பனி குறைந்த பிறகு மறு ஆண்டு சென்றவர்கள், பலர் ஆயுதத்தைப் பிடித்த கையோடு பதுங்குகுழிகளில் உறைந்து கிடந்ததைக் கண்டார்கள். சிற்பம் அந்த வீரத்தைக் காட்டுகிறது. அந்த உயரத்துக்கு வேண்டிய குளிர் உடையும் ஆயுதமும் இல்லாமல் அவர்களை அங்கே நிறுத்தியவர்கள் யார் என்பதை அது சொல்லாது. நினைவுச்சின்னங்களின் இயல்பு அது. அந்தக் கேள்வியைப் பார்ப்பவர்தான் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

நடுவில் அமர் சக்ரா. 15.5 மீட்டர் உயரத் தூணும், அதன் அடியில் அணையாச் சுடரும். சுடரருகே உரக்கப் பேசுவதைத் தவிர்க்கவும்.

பரம் யோதா ஸ்தல்

வட்டங்களை விட்டு வெளியே வந்ததும் நேரே வாயிலை நோக்கிப் போய்விடாதீர்கள். வளாகத்திலேயே, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவு வெண்கலச் சிலைகள் ஒரு தனித் தோட்டத்தில் இருக்கின்றன. இந்தியா கேட்டின் கீழ் நின்ற தலைகீழ்த் துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் 2022 மே மாதம் இங்கேதான் கொண்டுவரப்பட்டன. இருபத்தொருவரில் பதினால்வர் இறந்தபின் விருது பெற்றவர்கள். கார்கிலில் பத்தொன்பது வயதில் இவ்விருது பெற்ற யோகேந்திர சிங் யாதவ் போன்றோர் விருதை நேரில் பெற்றவர்கள். ஆகவே இது முழுவதும் இறந்தோருக்கான இடம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம்.

தமிழ்ப் பார்வையாளர் தவறாமல் தேட வேண்டிய சிலை, மகர் ரெஜிமெண்டின் 8-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1972-இல் சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியிலிருந்து படைக்குச் சென்றவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் நடவடிக்கை முடிந்து திரும்பும்போது அவருடைய அணி சுற்றிவளைக்கப்பட்டது. நேருக்கு நேர் மோதலில் மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும், எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டார் என்றும், இறுதி மூச்சு வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார் என்றும் விருதுப் பாராட்டுரை கூறுகிறது. அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

இந்தச் சிலையின் முன் நிற்கும் தமிழருக்கு மனம் இரண்டுபடும். அந்தப் படை ஈழத் தமிழரிடையே விட்டுச் சென்ற நினைவுகள் வேறு. அவற்றுக்கு இந்த வளாகத்தில் இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் அந்த மண்ணில் இறந்ததும் உண்மை. அவர்கள் ஊர் திரும்பியபோது பெரிய வரவேற்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைக்கத் தேவையில்லை. பிள்ளைகள் கேட்டால், வயதுக்கு ஏற்ற அளவில், இரண்டையும் சொல்லிவிடுவதே நேர்மை.

மாலையும் அதன் பிறகும்

சூரியன் மறையும் முன் மீண்டும் நடு வட்டத்துக்குத் திரும்புங்கள். கொடிகள் இறக்கப்படும் மாலை நிகழ்வின்போது, உயிர் நீத்த வீரர் ஒருவரின் நெருங்கிய உறவினரை அழைத்து மலர் வளையம் வைக்கச் செய்கிறார்கள். அமைச்சர்களும் தளபதிகளும் வளையம் வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு தாயோ மகனோ அந்தச் சில அடி தூரத்தை நடப்பதைப் பார்ப்பது வேறு அனுபவம். அந்த நேரத்தில் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள்.

தில்லிக்குப் போக முடியாதவர்கள் தியாக் சக்ராவின் பெயர்களை நினைவுச்சின்னத்தின் இணையதளத்திலேயே தேடலாம். முதல் உலகப் போரிலோ இரண்டாம் உலகப் போரிலோ இறந்த கொள்ளுத்தாத்தாக்களைத் தேடுவோருக்கு அந்தத் தளம் உதவாது. அவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்தில் அந்த ஆணையம் பராமரிக்கும் மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். அதன் பின்பகுதியில் முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தேடலிலும் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு முட்டி நிற்பவர்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பதக்கம் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். முதல் உலகப் போர்க் காலப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை வெட்டியிருப்பார்கள். தேய்ந்திருந்தால் சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், எழுத்து தெரியும். அந்த எண்ணையும் படைப்பிரிவையும் சேர்த்துத் தேடினால், எழுத்துக்கூட்டல் மாறியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடிப்பது எளிதாகும்.